சிரிக்காதவர் கையில் மாலை

நாடகத்தில் அடங்காத பெண்டாட்டி வேஷம் கட்டுகிறவளுக்குக் கைதட்டல் மேடையில் கிடைக்கும், திட்டு மேடையை விட்டு இறங்கினதும் கிடைக்கும். எனக்கு ஒன்பது வருஷமாக இரண்டும் குறைவில்லாமல் கிடைத்து வருகின்றன. உங்களில் யாராவது பள்ளி ஆண்டு விழாவிலாவது பொல்லாதவள் வேஷம் போட்டு, மறுநாள் கடைத்தெருவில் நாலு பேர் முறைத்துப் பார்க்க நடந்திருந்தால், வாருங்கள், நீங்களும் நம்ம கட்சிதான்.

வார நாள்களில் நான் மலேசியாவில் கூலிம் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டைக் கையுறை பொறுக்குகிற சுமதி. சனி, ஞாயிறுகளில் லூனாஸ் நாடகக் குழுவில் பூங்காவனம். நாடகத்தின் பெயர் 'பூங்காவனம் போட்ட பூட்டு'. எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. மூன்று தலைமுறையாகத் தோட்டத்துத் திருவிழாக்களில் ஆடிவருகிற சிரிப்பு நாடகம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் கோவிந்தன் கள்ளுக்கடையில் ஒரு சண்டைச் சேவலைப் பார்த்து மயங்கி, 'சேவலைக் குடு, என் மகளை உன் மகனுக்குக் கட்டித் தர்றேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சேவலும் கையுமாக வீட்டுக்கு வருகிறான். பூங்காவனம் கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கினால்தான் கதவு திறக்கும். அவன் பேயாக வந்து பார்க்கிறான், சாமியாராக வந்து பார்க்கிறான், செத்த பிணம் மாதிரி வாசலில் படுத்தும் பார்க்கிறான். ம்ஹூம். விடிகிற நேரத்தில் வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறான், இவளும் திறக்கிறாள்.

வம்பு அதற்குப் பிறகுதான். தோட்டத்து ஆள்களை மேய்க்கும் தண்டல் வந்து பஞ்சாயத்து வைப்பார். 'புருஷனை வெளியே நிறுத்தினது சரியா, தப்பா?' இதற்குத் தீர்ப்பு நாடகத்தில் கிடையாது. கூட்டத்தில் ஒருவர்தான் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யாரென்றால், நாடகம் தொடங்கினதிலிருந்து ஒரு தடவைகூடச் சிரிக்காத ஆள். தண்டலாக நடிக்கும் எங்கள் குழுத் தலைவர் முனியாண்டி அண்ணன் அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார். "சிரிச்சவன் ஏற்கெனவே ஒரு பக்கம் சாஞ்சுட்டான்லா. சிரிக்காதவன்தான் நடுவுல இருக்கான்" என்பார். அந்த ஆளிடம் மாலையைக் கொடுப்போம். அவர் மேடை ஏறி மைக்கில் ஒரு காரணம் சொல்லி, புருஷனுக்கோ பெண்டாட்டிக்கோ மாலையைப் போட வேண்டும். எனக்கு விழுந்தால் கோவிந்தன் வாசல் கூட்டித் தேத்தண்ணி போட வேண்டும். அவனுக்கு விழுந்தால் நான் அவன் காலில் விழுந்து 'தப்புதாங்க' என்று சாவியைக் கொடுக்க வேண்டும். இரண்டு முடிவையும் பழகி வைத்திருப்போம்.

இதில் என் சொந்த வம்பு ஒன்றும் இருக்கிறது. குழுவுக்கு ஒலிபெருக்கி பார்க்கிற ராஜன்தான் என் வீட்டுக்காரர். அவருடைய ஊர் மெர்போக். நான் மேடை ஏறப்போகிறேன் என்று தெரிந்த அன்று என் அத்தை, அதாவது அவருடைய அம்மா, "வேஷம் கட்டுறத விடுற வரைக்கும் என் படி ஏறாத" என்றார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சரி, ஏறல" என்றுவிட்டேன். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு ராஜனும் எங்கள் மகளும் மட்டும் மெர்போக் போவார்கள். திரும்பும்போது அத்தை சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். எப்போதும் இரண்டே பொட்டலம். தீபாவளியன்று காலையில் அவர்கள் இருவரும் கிளம்பினதும் தலையில் எண்ணெயோடு தனியாக உட்கார்ந்திருப்பேன். ஆத்திரம் வரும், பிறகு அழுகையும் வரும். மேடையை விடாமல் அந்தப் படி ஏற வேண்டும், அதுதான் என் ஆசை. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க எனக்கும் மனசு வரவில்லை, இறங்கி வர அத்தைக்கும் மனசு வரவில்லை.

முதல் நீதிபதி

என் முதல் மேடை கோலா கெத்தில் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா. கூட்டம் நன்றாகவே சிரித்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முனியாண்டி அண்ணன் நேராக அவரிடம் போய் மாலையை நீட்டினார். அவர் மெதுவாக மேடை ஏறினார், எங்கள் இருவரையும் பார்த்தார், மைக்கில் 'ம்' என்றார், கோவிந்தனாக நடித்த குமார் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

நான் காலில் விழுந்தேன். 'தப்புதாங்க' என்றபோது குரல் நிஜமாகவே உடைந்தது. ஒரு பெண் தன் மகளைச் சேவலுக்கு விற்கமாட்டேன் என்று கதவைப் பூட்டினது தப்பா? எனக்கு ஆறவில்லை. வேஷத்தைக் கலைக்காமலே இறங்கிப் போய், தேத்தண்ணி குடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த பெரியவர் முன்னால் நின்றேன். 'பூங்காவனம் என்னங்கய்யா தப்பு செஞ்சா?' என்று கேட்டேன். அவர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். கன்னம் பணியாரமாக வீங்கியிருந்தது.

"பூங்காவனமா, அது யாரும்மா? எனக்குக் கடவாப்பல்லு வலி. கிட்டக்க நின்னவன் கழுத்துல போட்டுட்டு எறங்கிட்டேன்."

குற்றமற்றவர்

லூனாஸில் ஒரு கோயில் திடலில் ஆடினபோது கூட்டம் மொத்தமும் சிரித்துத் தொலைத்தது. குழந்தையிலிருந்து குருக்கள்வரை சிரிக்கிறார்கள். முனியாண்டி அண்ணன் மாலையும் கையுமாகச் சுற்றிச் சுற்றி வருகிறார், சிரிக்காத ஆள் அகப்படவில்லை. கடைசியில் வேலி ஓரம் காவலுக்கு நின்ற மலாய்க்காரப் போலீஸ்காரர் கண்ணில் பட்டார். கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்கிறார். தமிழ் தெரியாதவர் எப்படிச் சிரிப்பார்? ஆனால் சட்டம் சட்டம்தானே. அண்ணன் அவரை அழைத்துவந்துவிட்டார்.

நல்ல மனுஷர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேடைக்கு வந்தார். அண்ணன் மைக்கிலேயே மலாயில் முழு வழக்கையும் எடுத்துச் சொன்னார். புருஷன் இது, பெண்டாட்டி இது, சேவல் இது. போலீஸ்காரர் ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். 'அந்த மகளிடம் யாராவது கேட்டீர்களா?' என்றும் கேட்டார். மூன்று தலைமுறையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அண்ணன் தலையைச் சொறிந்தார். போலீஸ்காரர் எங்கள் இருவரையும் தாண்டிப் போய், கூடையில் உட்கார்ந்திருந்த சேவலின் கழுத்தில் மாலையைப் போட்டார். சேவல் மாலைக்குள் மூழ்கிவிட்டது. மைக்கில் அவர் சொன்னது மூன்றே சொல். சேவல் மேல் தப்பில்லை என்று அர்த்தம்.

"ஆயாம் தா சாலா."

மெர்போக்கிலிருந்து ஒரு விமர்சனம்

நாடகத்தையும் மாலை போட்ட சேவலையும் யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப் புலனத்தில் விட்டுவிட்டார்கள். அது ஊர் ஊராகச் சுற்றியது. அந்த மாத ஞாயிறு மெர்போக் போனபோது என் மகள் அதைத் தன் பாட்டியிடம் கைப்பேசியில் காட்டியிருக்கிறாள். அவள் திரும்பி வந்ததும், 'பாட்டி என்ன சொன்னாங்க?' என்று கேட்கக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு சோறு வடித்தேன், துணி மடித்தேன், அரை மணி நேரம் தாக்குப்பிடித்தேன். அதற்குமேல் முடியவில்லை, கேட்டுவிட்டேன். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாராம். அதில் நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், குமார் தரையில் உருளுகிறான். எல்லாம் பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அத்தை பத்து இருபது கோழி வளர்க்கிறவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"சேவல் நல்ல சாதிச் சேவலு."

பின்கதவு

சுங்கை பட்டாணியில் ஒரு சங்கத்து விழா. முன்வரிசை முழுக்க ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர்கள். நடுவில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மையார், பழைய தலைமையாசிரியை. மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கையும். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த நினைப்பு. மாலை அவரிடம்தான் போனது. மேடை ஏறினவர் என் முன்னால் நின்று, 'பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன். இந்த லயத்து வீட்டுக்குப் பின்கதவு இல்லையோ?' என்றார்.

தோட்டத்தில் வரிசையாகக் கட்டின எல்லா லயத்து வீட்டுக்கும் பின்னால் அடுப்படிக் கதவு உண்டு. நான் பிறந்து வளர்ந்ததே அப்படி ஒரு வீட்டில். மூன்று தலைமுறையாக இந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. குமார் என்னைப் பார்க்கிறான், நான் சேவலைப் பார்க்கிறேன். நாடகமே கவிழ்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முனியாண்டி அண்ணன் தண்டல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்ன பதிலுக்குத்தான் டீச்சர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்து, மாலையை என் கழுத்தில் போட்டார்.

"பின்கதவு இருக்கு டீச்சர். ஆனா அது வழியா வர்றது பூனைதான், புருஷன் வாசல்லதான் நிப்பான்."

முட்டி

முழங்கால் வலி உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பேக்டரியில் நாள் முழுக்க நின்றே வேலை. நாற்பதைத் தாண்டினதும் என் வலது முட்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. தோற்றுப்போனால் காலில் விழ வேண்டுமே என்று புடவைக்குள் முட்டிப்பட்டை கட்டிக்கொண்டுதான் மேடைக்குப் போவேன். தோல்விக்குத் தயாராகப் போகிறவள் ஜெயிப்பாளா? கூலிமில் ஒரு மளிகைக்கடைக்காரர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். 'வாக்குன்னா வாக்குதான், கள்ளுக்கடையில குடுத்தா என்ன, கோயில்ல குடுத்தா என்ன' என்று காரணம் சொல்லி, மாலையைக் குமாருக்குப் போட்டார்.

விழுந்தேன். எழ முடியவில்லை. முட்டி அப்படியே பிடித்துக்கொண்டது. குமார் என்னைவிட எட்டு வயது சின்னவன். 'அக்கா, எந்திரிங்கக்கா' என்று பல்லுக்குள்ளேயே கெஞ்சுகிறான். 'முடியலடா' என்று நானும் பல்லுக்குள் சொல்கிறேன். வேறு வழியில்லாமல் அவன் என் முன்னால் மண்டி போட்டு, இரண்டு கையாலும் என் காலைப் பிடித்து நீட்டிவிட்டான். கூட்டத்துக்கு அது வேறு மாதிரித் தெரிந்துவிட்டது. பெண்கள் பக்கம் விசில் பறந்தது. திரை விழுந்ததும் மளிகைக்கடைக்காரர் கோபமாகப் பின்பக்கம் வந்துவிட்டார்.

"நான் புருஷனுக்குத்தானே மாலை போட்டேன்? அவன் எதுக்கு உங்க கால்ல விழுந்தான்?"

பாஸ்வர்ட்

இப்போதெல்லாம் கல்லூரிப் பெண்கள் நாடகம் முடிந்ததும் கூட நின்று படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். என் இடுப்பில் தொங்கும் சாவியை, நாலு கட்டி, அதாவது ரெண்டரைக் கிலோ எடையுள்ள இரும்புப் பூட்டை, இரண்டையும் தூக்கிப் பார்ப்பார்கள். பூட்டு முனியாண்டி அண்ணனின் அப்பா காலத்தது. ஒரு பெண் அதைக் கையில் வாங்கியதும் கை தாழ்ந்துவிட்டது. என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இவ்ளோ கஷ்டம் எதுக்குக்கா? வைஃபை பாஸ்வர்ட மாத்திட்டா அஞ்சு நிமிஷத்துல வழிக்கு வந்துடுவாரு லா."

பூட்டும் சாவியும்

இது சிரிக்க வைக்கிற துணுக்கு இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆரம்பத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நாடகம் முடிந்து பெண்கள் வந்து வீட்டுக் குறை சொன்னால், 'நீயும் ஒரு பூட்டு வாங்கிப் போடும்மா' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கும் பெரிய மனுஷி ஆகிவிட்ட நினைப்பு.

ஒரு தோட்டத்தில் நான் முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முப்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். நாடகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்க தோஷத்தில் அவளிடமும் அதையே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முனியாண்டி அண்ணன் மட்டும் அவளைப் பார்த்திருந்தால் மாலையை அவளிடம்தான் கொடுத்திருப்பார். அவள் பதிலைக் கேட்டதும் வெட்கமாக இருந்தது. என் நம்பரை எழுதிக் கையில் திணித்தேன், அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அவள் சொன்னது இவ்வளவுதான்.

"பூட்டு இருக்குக்கா. சாவிதான் அவர்கிட்ட இருக்கு."

மெர்போக்

கடைசியில் மெர்போக்கிலிருந்தே அழைப்பு வந்தது. கோயில் மண்டபத்தில் ஞாயிறு மத்தியானம் அன்னதானம், அதற்குப் பிறகு நாடகம். 'என்ன செய்யலாம்?' என்று ராஜனைக் கேட்டேன். 'உன் இஷ்டம்' என்றார். இந்த மனுஷர் ஒன்பது வருஷமாக எனக்கும் அத்தைக்கும் நடுவில் இப்படியேதான் நிற்கிறார், பாவம். போனோம். எங்கள் இருவரைத் தவிர குழுவில் யாருக்கும் அத்தையை அடையாளம் தெரியாது. முனியாண்டி அண்ணனுக்கு என் மாமியார் சண்டை தெரியும், மாமியார் முகம் தெரியாது.

அத்தை நாடகம் பார்க்க வரவில்லை. அன்னதானத்துக்குச் சமைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, காற்றாடி இருக்கிற இடமாகப் பார்த்துக் கால் நீட்டி உட்கார்ந்தார். காற்றாடி முன்வரிசையில் இருந்தது. மேடைக் கதவின் இடுக்கு வழியாக அவரைப் பார்த்துவிட்டேன். திரையைத் தூக்கிவிட்டார்கள், இனி என்ன செய்வது? நடித்தேன். குமார் பேயாக வந்தபோது மண்டபம் குலுங்கியது, அத்தை சிரிக்கவில்லை. சேவல் கூடையை விட்டுப் பறந்து ஆலயத் தலைவர் மடியில் உட்கார்ந்தது, அப்போதும் சிரிக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று, 'என் பொண்ணு கோழிக்கு ஈடா?' என்று கேட்கிற இடத்தில் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஒலிபெருக்கிப் பக்கம் ராஜன் எதையோ மாற்றித் திருக, மைக் இரண்டு தரம் கீச்சிட்டது.

பஞ்சாயத்து வந்தது. முனியாண்டி அண்ணன் மாலையை எடுத்துக்கொண்டு இறங்கினார். எங்கே போகிறார் என்று பார்த்ததும் வேண்டாம், வேண்டாம் என்று நான் மேடையிலிருந்து தலையை ஆட்டினேன். பூங்காவனம் பயப்படுவதாக நடிக்கிறேன் என்று நினைத்து அவர் எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, மாலையை அத்தை கையில் கொடுத்துவிட்டார். அத்தை எழுந்தார். படி ஏறினார். ஒன்பது வருஷம் என்னைத் தன் படியில் ஏற்றாதவர் என் மேடைப்படியில் ஏறி, என் முன்னால் நின்று, மைக்கை வாங்கினார்.

'பூட்டுனது தப்பில்ல. கோழிக்குப் பொண்ணக் குடுக்கிறவன எவ உள்ள விடுவா?' என்றார். பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு அப்போதே கண் நிறைந்துவிட்டது. அவர் கையைத் தூக்கி அடக்கினார். 'ஆனா ஒரே ராத்திரியில தொறந்துட்டா. ஒரு ராத்திரியில ஆம்பளைக்குப் புத்தி வருமா? பூட்டத் தெரிஞ்சவளுக்குப் பொறுக்கத் தெரியல. தப்பு தப்புதான்.' மண்டபம் வெடித்துச் சிரித்தது. மாலை குமார் கழுத்துக்குப் போனது.

தோற்றுவிட்டேன், அதுவும் யாரிடம் என்று பாருங்கள். சட்டப்படி காலில் விழ வேண்டும். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பாதி வழியில் ஒரு கை என் முழங்கையைப் பிடித்து நிறுத்தியது. சமையல் கை, இன்னும் ஈரமாகவே இருந்தது. 'எந்திரி. தீர்ப்புச் சொன்னது நான். கால்ல விழச் சொன்னது யாரு?' என்றார் அத்தை. இரண்டு முடிவைப் பழகி வைத்திருந்த எங்களுக்கு மூன்றாவது முடிவு தெரியாது. குமார் மாலையோடு விழித்துக்கொண்டு நிற்கிறான். முனியாண்டி அண்ணன், 'திரைய எறக்குங்க' என்றார்.

வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அத்தை வந்தார். கையில் பொட்டலங்கள். ராஜனிடம் கொடுத்தார். நான் எண்ணவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? மூன்று. பிறகு என் கையிலிருந்த பூட்டை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். 'அசல் இரும்பா?' என்றார். 'ஆமாத்தே' என்றேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு மேடைக்கு வெளியே நாங்கள் பேசின முதல் பேச்சு இது. 'கோழிக்கூட்டுப் பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு. உடும்பு வருது. வர்ற ஞாயித்துக்கெழம அவன்கூட வந்து நீயே மாட்டிக் குடு' என்றார். தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறியிருக்கலாம். ஆனாலும் இந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்குமா? எல்லாம் பேசித் தெளிவாக இருக்கட்டும் என்று, 'நான் இன்னும் நாடகத்த விடலயே அத்தை' என்றேன். அவர் பூட்டைத் திரும்ப என் கையில் வைத்தார்.

"நாடகத்த விடச் சொல்லியா கேட்டேன்? பூட்டத்தான கேட்டேன்."

பூட்டு இப்போது மெர்போக்கில் கோழிக்கூட்டில் தொங்குகிறது, நாடகத்துக்கு முனியாண்டி அண்ணன் வேறு பூட்டு பார்த்துவிட்டார், பூங்காவனம் ஒரே ராத்திரியில் திறந்தது தப்பு என்ற தீர்ப்பை மட்டும் அத்தை இன்றுவரை மாற்றவில்லை, ஒன்பது வருஷம் மூடிவைத்துக் காட்டியவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.